பாலைவனக் கூடாரத்தில் தங்க: நமீபியா கேள்வி பதில்

வடமேற்கு நமீபியாவின் டமராலாந்து, ஹோவானிப் பக்கம் உள்ள முகாம்களுக்கு நம் ஊர்க்காரர்களைக் கூட்டிப்போய் வருகிறேன். கேளுங்கள்.

பெருந்துறை: எந்த மாசம் போகலாமுங்க?
மே முதல் அக்டோபர் வரை. ஜூன், ஜூலையில் விடியக்காலம் குல்லா இல்லாமல் திறந்த வண்டியில் ஏறாதீர்கள். நீங்களே ஓட்டினால் தடத்தை விட்டு வண்டியை இறக்காதீர்கள்.

காங்கேயம்: சைவம் கிடைக்குமா?
பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள், சமைத்துத் தருவார்கள். பருப்புப்பொடி கையில் இருக்கட்டும்.

அன்னூர்: இங்கே ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வருது. பாலைவனத்தில் டூரிஸ்ட் குளிக்கத் தண்ணி இறைச்சுட்டு, அதுக்குப் பேரு சுற்றுச்சூழல் முகாமுங்களா?
பணம் கட்டும் முன்னால் கேட்க வேண்டியதே இதுதான். ஹோவானிப் ஆற்றில் வெள்ளம் வருவது ஆண்டில் சில நாள். மிச்ச நாளெல்லாம் தண்ணீர் மணலுக்கு அடியில். யானை காலாலும் துதிக்கையாலும் ஊற்றுத் தோண்டிக் குடித்துவிட்டுப் போகும், அதே குழியில் மற்ற விலங்குகள் குடிக்கும். முகாமும் நிலத்தடி நீரைத்தான் எடுக்கிறது. அதனால் அளவுதான் பேச்சு. ஒழுங்கான இடத்தில் ஒரு வாளி வெந்நீரைக் கயிற்றில் ஏற்றித் தொங்கவிடுவார்கள். நனைந்ததும் குழாயை மூடிவிட்டு சோப்புப் போட வேண்டும். மறந்தால் நுரையோடுதான் நிற்பீர்கள். நீச்சல் குளம் கட்டிவிட்டு சோலார் தகட்டைக் காட்டுகிற முகாமுக்கு நான் ஆள் அனுப்புவதில்லை.

அப்புறம், நிலம் யாருடையது என்றும் கேளுங்கள். 1996 சட்டத் திருத்தம் பொது நிலத்து மக்களுக்குக் காட்டுயிர், சுற்றுலா வருமானத்தில் உரிமை கொடுத்தது. டோரா போன்ற, ஊர் மக்களே காட்டுயிரைப் பார்த்துக்கொள்ளும் காப்பமைப்புகள் 1998-லேயே பதிவாயின. வாடகையும் வேலையும் ஊருக்குப் போகிறதா என்று பாருங்கள்.

சத்தியமங்கலம்: அந்தப் பாலைவன யானை தனி இனம்தானே அண்ணா?
இல்லை தம்பி. ஆப்பிரிக்கச் சவானா யானையேதான். உடம்பு மெலிவு, கால் நீளமாகத் தெரியும். சில நாள் தண்ணீர் இல்லாமல் தாங்கும்.

அன்னூர்: அங்கே விவசாயிக்கு நஷ்டமே இல்லைங்களா? இங்கே கோவை தடாகம் பக்கம் யானை புகுந்து வாழைத் தோட்டமே போகுது.
அங்கேயும் தொட்டியையும் குழாயையும் உடைக்கிறது. தொட்டியைச் சுற்றிக் கல்சுவர் கட்டி, யானைக்குத் தனியாகத் தண்ணீர் விடுகிறார்கள்.

சத்தியமங்கலம்: யானை வழியில் தோட்டம் போட்டது யாருங்க?

அன்னூர்: எங்க தாத்தா காலத்து விவசாயக் காடுங்க அது! யானை வழியில் மண் தோண்டின செங்கல் சூளைக்காரங்களைப் போய்க் கேளுங்க.
இரண்டு பேரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தடாகத்துப் பஞ்சாயத்தை நமீபியாவில் வைத்து முடிக்க முடியாது. அடுத்த ஆள்.

திருப்பூர்: ஏசி, வைஃபை?
ஏசியை மறந்துவிடுங்கள். வைஃபை இருந்தாலும் நம்பாதீர்கள். சிறு விமானத்தில் போனால் பெரும்பாலும் 20 கிலோதான், அதுவும் மெத்தென்ற பை. சக்கரப் பெட்டி வேண்டாம்.

கரூர்: விசா?
தூதரக இணையதளம்.

பொள்ளாச்சி: போட்டோவுக்காகச் சரளைவெளியில் கொஞ்சம் வண்டியை இறக்கினால் என்ன?
பெருந்துறைக்காரருக்கு எழுதியதைப் படித்தீர்களா? அந்தத் தரையில் பாசிபோல் படிந்திருப்பது லைக்கன். உயிருள்ளது. ஒரு டயர் ஏறினால் தடம் பல பத்தாண்டுகளுக்கு அழியாது. இறக்காதீர்கள்.

பல்லடம்: வெஜ் கிடைக்குமா சார்?
காங்கேயம்.

ஈரோடு: வெஜ் சரிங்க, தனிச் சட்டியில் சமைப்பாங்களா?
கேட்டால் சமைப்பார்கள். அந்தச் சட்டியைக் கழுவுகிற தண்ணீரும் அன்னூர்க்காரர் கணக்கில்தான் வரும்.