மூன்று மரபணு, ஒரே கால்மோடுலின்: தரவுத்தளத்தில் பிழை இல்லை

வணக்கம். செமினாருக்காகக் கால்மோடுலினை (செல்லுக்குள் கால்சியத்தைப் பிடித்து வேலை செய்யும் புரதம்) தரவுத்தளத்தில் தேடியபோது மூன்று மரபணுக்கள் வந்தது ஏன், மரபணுவுக்கு இரண்டு வீதம் உள்ள ஆறு பிரதிகளில் ஒன்று மட்டும் கெட்டால் எப்படி நோய் வரும் என்று கேட்டிருந்தீர்கள். அருமையான கேள்வி.

அந்த மூன்று மரபணுக்களில் கால்ம்1 14ஆம் குரோமோசோமிலும், கால்ம்2 2ஆவதிலும், கால்ம்3 19ஆவதிலும் இருக்கின்றன. டி.என்.ஏ. எழுத்துகள் வேறுபட்டாலும் மூன்றிலிருந்தும் வருவது அச்சு அசலாக ஒரே புரதம்.

இரண்டாவது கேள்விக்கு இதயத் தசையின் எல்-வகைக் கால்சியம் சேனலை, அதாவது செல்லுக்குள் கால்சியத்தை விடும் வாசலைப் பாருங்கள். கால்மோடுலின் முன்கூட்டியே அதில் ஒட்டிக் காத்திருக்கும். கால்சியம் உள்ளே வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு சேனலை அடங்க வைக்கும். சில மாற்றங்கள் உள்ள கால்மோடுலினால் கால்சியத்தைச் சரியாகப் பிடிக்க முடியாது. ஆனால் சேனலில் இடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும்! பக்கத்தில் நல்ல கால்மோடுலின் எவ்வளவு இருந்தாலும் அந்தச் சேனலுக்குப் பயனில்லை. சேனல் அடங்கத் தாமதமாகும், ஈசிஜியில் க்யூடி இடைவெளி (ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறைகள் மின்தூண்டல் பெற்று மீண்டும் பழைய நிலைக்குத் திரும்ப ஆகும் நேரம்) நீளும். பிரதிகளை எண்ணிப் பார்ப்பதைவிட, கெட்டது எங்கே போய் உட்காருகிறது என்று பார்ப்பதுதான் இங்கே முக்கியம்.

அப்புறம், 2012இல் ஒரு ஸ்வீடன் குடும்பத்தில் கண்டறியப்பட்ட கால்ம்1 மாற்றத்தைக் கட்டாயம் சேருங்கள். அங்கே புரதச் சங்கிலியில் ஆஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் ஐசோலியூசின் என்ற வேறொன்று வந்திருந்தது. அதன் எண்ணில் மட்டும் கவனம். பழைய கட்டுரைகள் சங்கிலியின் தொடக்கத்தில் வரும் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைக் கணக்கில் சேர்க்காமல் 53 என்கின்றன. இன்றைய முறையில் அது 54. இரண்டும் ஒரே மாற்றம்தான்.