குழாயடிச் சண்டை

அன்புள்ள அம்மா,

நான் திருச்சிக்காரன். பெங்களூர் பெல்லந்தூரில் தங்கி மென்பொருள் வேலை பார்க்கிறேன். அக்கா குடும்பம் டொராண்டோவில் இருக்கிறது. பன்மைப் பண்பாட்டை 1971-லேயே அரசுக் கொள்கையாக அறிவித்த கனடாவில்கூட இப்போது குடியேறிகளைப் பற்றி முணுமுணுப்பு கேட்கிறது என்கிறாள். ஜெர்மனியில் பன்மைப் பண்பாடு முழுத் தோல்வி என்று அப்போது அங்கே ஆட்சித் தலைவராக இருந்த ஏஞ்சலா மெர்கல் 2010-லேயே சொல்லிவிட்டார். இங்கே ஆட்டோக்காரர் முதல் லிஃப்டில் கூட வருபவர் வரை "கன்னடம் கற்றுக்கொள்" என்கிறார்கள். இந்தியக் குடிமகன் எங்கும் வாழலாம் என்று அரசியல் சாசனம் சொல்லும்போது நான் ஏன் கற்க வேண்டும், அதுவும் தமிழர்கள் கட்டியெழுப்பிய ஊரில்? இத்தனை மொழியும் மதமும் சாதியும் உள்ள நாட்டை எதுதான் சேர்த்து வைத்திருக்கிறது? கிரிக்கெட்டா, சாசனமா? திருவள்ளுவர், கன்னடப் புலவர் சர்வக்ஞர் சிலைகளைத் திறந்ததுபோல ஒருவர் பண்பாட்டை ஒருவர் மதிக்கும் நிகழ்ச்சிகள் பெருகினால் போதுமா?

செந்தில்

பி.கு.: கன்னடம் கற்க எந்தச் செயலி நல்லது?

அன்புள்ள செந்தில்,

முதலில் திட்டிவிடுகிறேன், பிறகு பேசலாம். "தமிழர்கள் கட்டியெழுப்பிய ஊர்" என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடுங்கள். 1809-இல் இங்கே கண்டோன்மென்ட் என்ற ராணுவக் குடியிருப்பு வந்தபோது மதராஸ் படையின் பின்னாலேயே நம்மவர்கள் வந்தார்கள். மண் வெட்டினார்கள், கல் சுமந்தார்கள், துணி வெளுத்தார்கள், அல்சூரிலும் சிவாஜிநகரிலும் குடியிருந்தார்கள். எல்லாம் உண்மைதான். பேகூர்க் கல்வெட்டு ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த ஊரின் பெயரைக் கன்னடத்தில் சொல்கிறது என்பதும் உண்மைதான். கல்லை எடுத்து எறிய ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் கல் இருக்கிறது. கல் சுமந்த அந்தப் பாட்டனுக்கும் உங்களுக்கும் என்ன உறவு? நீங்கள் ஏசி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்து மடிவாளாவில் இறங்கியவர்.

சிலை சமாச்சாரமும் அப்படித்தான். பதினெட்டு வருடம் துணி சுற்றி நின்ற அல்சூர் வள்ளுவரை 2009 ஆகஸ்டில் திறந்தார்கள். அடுத்த சில நாட்களில் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் எழுந்தருளினார். நானும் கூட்டத்தில் நின்று கை தட்டியவள்தான். 2016 செப்டம்பரில் இதே ஊரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பஸ்கள் வரிசையாக எரிந்தபோது இரண்டு புலவர்களும் அவரவர் பீடத்தில் அப்படியே இருந்தார்கள். கிரிக்கெட்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, விட்டுவிடுகிறேன்.

நீங்கள் உண்மையில் கேட்பது "எது சேர்த்து வைத்திருக்கிறது" என்பதுதான். கொஞ்ச காலமாக என் மனமும் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. சண்டைதான் சேர்த்து வைத்திருக்கிறது என்று சொல்வேன். சிரிக்காதீர்கள்.

நான் வளர்ந்தது இதே ஊரில், ஸ்ரீராமபுரத்தில். அப்பா பின்னி மில்லில் வேலை பார்த்தார். மதராஸில் ஸ்டோர் என்றும் கோயம்புத்தூரில் லைன் வீடு என்றும் சொல்கிற மாதிரி எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு முற்றம், கோடியில் ஒரே ஒரு குழாய். தமிழர்கள், தெலுங்கர்கள், துணி தைக்கும் மராத்திக் குடும்பம் ஒன்று, மண்டியா பக்கத்திலிருந்து வந்த கௌடர் வீடு ஒன்று. விடியுமுன் நான்கு மணிக்குத் தண்ணீர் வரும். இரவே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுத்தான் தூங்கப் போவார்கள். குடம் போதாத வீட்டுக்காரர்கள் கல்லை வைப்பார்கள். யாருடைய கல் என்று எல்லோருக்கும் தெரியும். அதை அரை அடி நகர்த்தினால் போதும், சண்டை தொடங்கிவிடும்.

பித்தளைக் குடம் இருந்தவரை, வீட்டுக்கு இரண்டு குடம், எல்லோருக்கும் ஆனபிறகு மூன்றாவது என்பது விதி. பிளாஸ்டிக் குடம் வந்தது. எங்கள் வீட்டுச் சிவப்புக் குடம் பித்தளைக் குடத்தைவிட ஒரு செம்பு அதிகம் பிடிக்கும். கௌடர் வீட்டம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டார். அம்மாவின் குடத்தைத் தன் குடத்தில் கவிழ்த்து, வழிந்து ஓடிய தண்ணீரை முற்றம் முழுக்க எல்லோருக்கும் காட்டினார். அன்றைக்கு நடந்த சண்டையில் என் அம்மா பேசிய கன்னடத்தை இன்று நினைத்தாலும் மலைப்பாக இருக்கிறது. பள்ளிக்கூடமே போகாதவர். கடைக்காரரிடம் மரியாதையாக இரண்டு வாக்கியம் பேச வராது, ஆனால் குடத்தின் கழுத்து, வாய், அடி, அதை வாங்கிய கடை, அவர் குடத்தில் இருக்கும் ஒடுக்கு என்று அத்தனையும் கன்னடத்தில் பொழிந்தார். கடைசியில் மராத்திப் பாட்டி உள்ளே போய் ஒரு டின்னை எடுத்துவந்து வைத்தார். இனி எல்லாக் குடமும் இந்த டின்னால் அளக்கப்படும், பிளாஸ்டிக்கில் எதுவரை என்று ஆணியால் கோடு கீற வேண்டும் என்று தீர்ப்பானது. மறுநாள் நான்கு மணிக்கு இரண்டு பேரும் அதே குழாயடியில் நின்றார்கள். வேறு குழாய் கிடையாதே.

அந்தக் குழாயில் வந்தது எந்தத் தண்ணீர்? முதலில் ஹெசரகட்டா, திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கங்கள். 1974-க்குப் பிறகு காவிரி. தொரெகாடனஹள்ளியிலிருந்து ஏறக்குறைய 100 கிலோமீட்டர் குழாய் போட்டு, மேடேற்றி, இறைத்துக் கொண்டுவருகிறார்கள். ஆக, எங்கள் முற்றத்தில் நடந்த சண்டையும் மண்டியாவுக்கும் தஞ்சாவூருக்கும் நடந்த சண்டையும் ஒரே தண்ணீருக்குத்தான். அதிலும் நம் நிலைமையைப் பாருங்கள். பெங்களூர்த் தமிழன் குடிப்பது கர்நாடகத்தின் பங்கை. தொலைக்காட்சியில் செய்தி கேட்டுப் பொருமுவது தமிழ்நாட்டின் பங்குக்காக.

இந்த நாட்டை அமைத்தவர்கள் நம்மைவிட விவரமானவர்கள். மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்த அதே 1956-இல் மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறுச் சட்டத்தையும் இயற்றினார்கள். சாசனத்தின் 262-ஆவது பிரிவு அதற்கு முன்பே இருந்தது. இவர்கள் சண்டை போடுவார்கள் என்று தெரிந்தே செய்த ஏற்பாடு. அன்பாக இருங்கள் என்று யாரும் சட்டம் போடவில்லை. காவிரி நடுவர் மன்றம் 1990-இல் அமைந்தது, இறுதித் தீர்ப்பு 2007-இல் வந்தது, உச்ச நீதிமன்றம் 2018-இல் திருத்தியது. தமிழ்நாட்டின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆனது. எடுத்ததில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கு. நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்று நடுவர் மன்றம் முன்பு கைவிரித்திருந்தது. குடிக்கிற தண்ணீருக்குப் படுகைக் கணக்குப் பார்க்க வேண்டாம் என்றது நீதிமன்றம். செந்தில், நீங்களும் அந்த 4.75-இல் பங்குதாரர்தான். தஞ்சாவூர் விவசாயியிடமிருந்து எடுத்துத் திருச்சிக்காரருக்குப் பெல்லந்தூரில் கொடுத்திருக்கிறார்கள். மராத்திப் பாட்டியின் டின்னுக்கும் இந்தத் தீர்ப்புக்கும் அளவில்தான் வித்தியாசம்.

டின் வரும்வரை தலை உருளும் என்பதையும் மறைக்கக் கூடாது. 1991 ஜூனில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 205 டி.எம்.சி. விடச் சொல்லி இடைக்கால ஆணை வந்தது. டிசம்பர் 11 அன்று அது அரசிதழில் வெளியானதும் இந்த ஊர் பற்றிக்கொண்டது. உயிர்கள் போயின, தமிழர் குடிசைகள் எரிந்தன, ஆயிரக்கணக்கானவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓசூர் பக்கம் ஓடினார்கள். எங்கள் முற்றத்தில் கௌடர் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. எங்கள் கதவும்தான். யாரும் யாரையும் கட்டிக்கொண்டு அழவில்லை, காப்பாற்றவும் இல்லை. ஊரடங்கு தளர்ந்த பிறகு ஒரு காலையில் அம்மா தயங்கித் தயங்கிக் குடத்தை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் முகம் தெளிந்திருந்தது. "என்னம்மா?" என்றேன். "கல்லை நகர்த்திவிட்டேனாம், திட்டித் தீர்த்துவிட்டாள்" என்று சொல்லிக்கொண்டே அடுப்பைப் பற்ற வைத்தார்.

இதைக் கேட்டு உருகிவிடாதீர்கள். அந்தக் குழாயடியில் நிற்கவே முடியாதவர்கள் இருந்தார்கள். எங்கள் தெருவைக் கூட்ட வந்த பெண்மணிக்கு அந்த வரிசையில் கல் வைக்க உரிமை இல்லை. யாராவது மனமிரங்கி மேலிருந்து ஊற்றினால் உண்டு. அவர் யாரோடும் சண்டை போட்டு நான் பார்த்ததே இல்லை. ஒற்றுமைக்கு அதைவிடப் பெரிய அவமானம் வேண்டுமா? 1927 மார்ச்சில் அம்பேத்கர் மகாராஷ்டிரத்து மகாடில், தாழ்த்தப்பட்டவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்த சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளியது தாகத்துக்காக அல்ல, வரிசையில் தன் கல்லை வைப்பதற்காக. பல ஆயிரம் சாதிகளாகப் பிரிந்து கிடப்பவர்கள் எப்படி ஒரு தேசமாக முடியும் என்று அரசியல் நிர்ணய சபையில் 1949 நவம்பர் 25 அன்று கேட்டவரும் அவர்தான். சாசனம் சேர்த்து வைத்திருக்கிறதா என்று நீங்கள் கேட்பதற்கு, அதை எழுதியவரே அவ்வளவு எளிதாக நம்பவில்லை என்பதுதான் என் பதில்.

ஜெர்மனியையும் இங்கே வைத்துப் பாருங்கள். துருக்கியிலிருந்து 1961 ஒப்பந்தப்படி ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். விருந்தாளித் தொழிலாளி என்று பெயர் வைத்தார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குப் பிறப்பால் குடியுரிமை கிடைக்க 2000 வரை ஆனது. விருந்தாளி சண்டை போட முடியுமா? நாற்பது வருடம் வாசலில் உட்கார வைத்துவிட்டு, சேர்ந்து வாழ்வது தோற்றுவிட்டது என்றால் எப்படி? உங்கள் குடியிருப்புக்கு எதிரே எழும்பும் கட்டடத்தில் தகரக் கொட்டகையில் இருக்கிற ஒடியாக்காரரையும் பீகார்க்காரரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஓட்டு ஊரில், உழைப்பு இங்கே. அவர்களை "வடக்கன்" என்று உங்கள் நண்பர் குழுவில் எழுதுவீர்களா இல்லையா, அதை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

சண்டைக்கு ஆள் எதிரே இருக்க வேண்டும். 2003-இல் காவிரிக் குடும்பம் என்று ஒன்று நடந்தது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தின் ஜனகராஜன் முன்னெடுத்தார். இரண்டு மாநில விவசாயிகளும் ஒருவர் ஊருக்கு ஒருவர் போய் வயலையும் வாய்க்காலையும் பார்த்தார்கள். எத்தனை போகம், எந்த மாதம் எவ்வளவு என்று உட்கார்ந்து வாதாடினார்கள். உடன்பாடு கடைசிவரை கையெழுத்தாகவில்லை. ஆனாலும் அந்த முயற்சி மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு, நூறு சிலைத் திறப்பு விழாக்களைவிட. எதிராளியின் வாய்க்கால் வறண்டு கிடப்பதைக் கண்ணால் பார்த்தவன் ஊருக்கு வந்து வேறு மாதிரிதான் பேசுவான்.

இப்போது உங்கள் கன்னடத்துக்கு வருகிறேன். எங்கும் வாழும் உரிமை உங்களுக்கு உண்டு, 19-ஆவது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. யாரும் அடித்து மிரட்டிக் கற்றுக்கொடுக்கக் கூடாது, அது ரௌடித்தனம். ஆனால் இந்த ஊரில் நீங்கள் இதுவரை யாரோடும் ஒழுங்காக ஒரு சண்டை போட்டதில்லை என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆட்டோக்காரர் சொன்னார், வாயை மூடிக்கொண்டு வந்தீர்கள். லிஃப்டில் ஒருவர் சொன்னார், கைப்பேசியைப் பார்த்தீர்கள். பிறகு எனக்குத் தமிழில் இவ்வளவு நீளமாக எழுதுகிறீர்கள். 2024 மார்ச்சில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றி, டேங்கர் விலை ஏறியபோது உங்கள் குடியிருப்புச் சங்கத்தில் என்ன செய்தீர்கள்? பணத்தைக் கட்டியிருப்பீர்கள். அந்த அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் வந்தது. உங்கள் பெல்லந்தூர் உட்பட, மாநகராட்சியோடு பின்னர் சேர்ந்த 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர். உங்கள் கட்டடத்துக்கு இணைப்பு வந்துவிட்டதா, எந்தெந்த நாளில் தண்ணீர் விடுகிறார்கள் என்று தெரியுமா? தெரியாது என்றால் நாளைக் காலை கீழே இறங்கிப் போய்க் கேளுங்கள். வால்வு திறக்க வருபவரை எங்கள் பக்கம் வாட்டர்மேன் என்பார்கள். அவர் கன்னடத்தில்தான் பதில் சொல்வார், அநேகமாக எரிந்து விழுவார். நீங்களும் விடாதீர்கள்.

கன்னடம் கற்க எந்தச் செயலி நல்லது என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரியாது. டொராண்டோ அக்காவை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். தன் ஊர் நகரசபைக் கூட்டத்துக்குப் போய் என்றைக்காவது எழுந்து நின்று குரலை உயர்த்தியிருக்கிறாரா என்றும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்
அம்மா