புல் திரும்பிய உப்பங்கழியில் தூண்டில் போடுவது எப்படி?

கேள்வி: புளோரிடாவின் மெல்போர்னில் வசிக்கிறேன். இந்தியன் ரிவர் கழியில், முழங்கால் ஆழத்தில் மீன்கள் புரளுவது தெரிகிறது. படகில் நெருங்கினால் ஓடிவிடுகின்றன. தூண்டிலில் கடற்புல்தான் சிக்குகிறது. என்ன செய்யலாம்? ரெட் டிரம் கிடைத்தால் சமைக்கலாமா?

பதில்: சமைக்கக் கூடாது. இந்தக் கழியிலும் அதன் பகுதிகளான மஸ்கிட்டோ லகூன், பனானா ரிவர் ஆகியவற்றிலும், 2022 செப்டம்பர் 1 முதல், பிடிபட்ட ரெட் டிரம்மை உயிருடன் விட்டுவிட வேண்டும் என்பது மாநில மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. 2011-இல் தொடங்கிய பாசிப்பெருக்குகள் வெயிலை நீருக்குள் இறங்கவிடாமல் மறைத்ததால் கழியின் கடற்புல்லில் பாதிக்கும் மேல் அழிந்தது. புல்லை மேய்ந்து வாழும், நம் ஆவுளியாவின் உறவான மானட்டீக்கள் 2021-இல் பட்டினியால் பெருமளவில் மடிந்தன. புல் தொல்லை தருவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தொல்லை திரும்பி வருவதற்குத்தான் இங்குள்ளவர்கள் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். நம் கத்தாழை மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்த ரெட் டிரம் இந்தக் கழிக்குள்ளேயே முட்டையிடுவதால், ஒவ்வொரு தாய்மீனும் இங்கு முக்கியம்.

மீன் ஓடுவதற்குக் காரணம் இயந்திரத்தின் ஓசையும் படகின் அலையும். முகத்துவாரங்களுக்குத் தொலைவான இடங்களில் ஏற்றவற்றம் ஏறக்குறைய உணரப்படுவதேயில்லை; அங்கே நீரை நகர்த்துவது காற்றுதான். ஆகவே காற்று வரும் பக்கத்தில் வெகுதொலைவிலேயே இயந்திரத்தை அணைத்து, படகைக் காற்றின் போக்கில் விட்டு, நீண்ட கோலை ஊன்றித் திசையை மட்டும் திருத்துங்கள். படகு இயந்திரத்தின் சுழலி கீறிய புல்படுகை ஆற ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதால், ஆழமில்லாத இடத்தில் இயந்திரத்தை ஓட்டவே வேண்டாம். இறங்கி நடப்பதானால் பாதத்தைத் தூக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிவிடும்.

புல்லின் நடுவே வெளிறித் தெரியும் மணல் திட்டுகளைத் தேடுங்கள். புல்லுக்குள் பதுங்கியிருக்கும் மீன்கள் இறாலையும் சிறு மடவையையும் அத்திட்டுகளின் ஓரத்தில்தான் மறித்துப் பிடிக்கின்றன. தூண்டில் முள்ளின் நுனியை மென்மையான செயற்கை இரையின் உடலுக்குள் மறைத்துக் கோர்த்து, திட்டைத் தாண்டி வீசி, மெதுவாகத் திட்டின் மேல் இழுத்து வாருங்கள். புல் சிக்குவது பெரிதும் குறையும். குளிர்காலத்தில் நீர் வற்றித் தெளிந்திருக்கும்போது திட்டுகள் நன்றாகத் தெரியும் என்பதால், புதியவர்களுக்கு அதுவே ஏற்ற காலம் என்பேன்.

உயிர் இரை வைத்தால், நுனி உள்நோக்கி வளைந்த வட்டமுள்ளைப் பயன்படுத்துங்கள். அது பெரும்பாலும் வாயோரத்தில் மாட்டும். முள் கழன்றுவிடாமல் தடுக்கும் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். மீனை நெடுநேரம் போராடவிடாமல் விரைவாகக் கொண்டுவந்து, ஈரக் கையால் வயிற்றைத் தாங்கி, இயன்றவரை நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றுங்கள். கோடையில் வெந்நீராகிவிட்ட கழியில் ஆக்சிஜன் குறைவு என்பதால், அப்போது விடியற்காலையோடு நிறுத்திக்கொண்டு, களைத்த மீன் தானாக வாலடித்து உங்கள் கையை விட்டுப் போகும்வரை அதை நீருக்குள் நிமிர்த்திப் பிடித்திருங்கள்.