உள்நாட்டுப் பொருளுக்கும் ஏன் விலை ஏறுகிறது?

கேள்வி: வரி இறக்குமதிப் பொருளுக்குத்தானே? நான் வாங்கப் போனது உள்நாட்டில் தயாரான சலவை இயந்திரம். அதற்கும் விலையை ஏற்றிவிட்டார்கள். கடைக்காரர் ஏமாற்றுகிறாரா?

பதில்: ஏமாற்று என்று சொல்ல முடியாது, ஆனால் உங்கள் கோபம் நியாயமானது. போட்டிப் பொருளின் விலை வரியால் ஏறியதும், உள்நாட்டு நிறுவனத்துக்கு விலையை அடக்கி வைக்க வேண்டிய கட்டாயம் போய்விடுகிறது. அது வாங்கும் எஃகுக்கும் வரி இருந்தால் அடக்க விலையும் கூடும்.

அமெரிக்காவில் இது கண்கூடாக நடந்தது. 2018 தொடக்கத்தில், இறக்குமதியாகும் சலவை இயந்திரங்களில் முதல் 12 லட்சத்துக்கு 20 சதவீதம், அதற்கு மேல் 50 சதவீதம் எனக் கூடுதல் வரி விதித்தார்கள். விலை சுமார் 12 சதவீதம் ஏறியதாகப் பொருளாதார ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். உள்நாட்டு நிறுவனங்களும் ஏற்றியிருந்தன. வரியே இல்லாத துணி உலர்த்தும் இயந்திரமும் ஏறக்குறைய அதே அளவு ஏறியது! இரண்டையும் ஜோடியாக வாங்குவது அங்கே வழக்கம். அதனால் ஏற்றத்தை இரண்டின் தலையிலும் பிரித்து வைத்தார்கள்.

வேலை வந்ததா? வந்தது. ஒஹாயோ, தென் கரோலினா, டென்னசி மாநிலங்களில் சுமார் 1,800 பேருக்கு. அதற்காக நாடு முழுவதும் வாங்கியவர்கள் கூடுதலாகக் கொடுத்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 150 கோடி டாலர். அரசுக்கு வந்த வரியைக் கழித்தாலும் ஒரு வேலைக்கு 8 லட்சம் டாலருக்கு மேல். அந்த ஊர்களில் அடுப்பெரிந்ததை நான் சிறிதாக நினைக்கவில்லை. ஆனால் ஆதாயம் சில ஊர்களில் குவிந்தது. செலவோ எல்லா ஊர்களுக்கும் பரவியது. இவ்வளவு விலை கொடுத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

கேள்வி: எங்கள் பகுதியில் ஆலையே இல்லை, விவசாயம்தான். இந்த வரிச் சண்டை எங்களைத் தொடுமா?

பதில்: நிச்சயம் தொடும். அமெரிக்கா சீனப் பொருள்களுக்கு வரி போட்டதும், 2018 ஜூலையில் சீனா பதிலடியாக அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. வடக்கு டகோட்டா மாநிலத்தின் சோயாவில் பெரும்பகுதி ரயிலில் பசிபிக் துறைமுகங்களுக்குப் போய், சீனாவுக்குக் கப்பலேறி வந்தது. அந்த வழி அடைபட்டதும் உள்ளூர்க் கொள்முதல் விலை சரிந்தது. விவசாயி கையில் பணம் இல்லையென்றால் டிராக்டர் விற்பவருக்கும் வியாபாரம் இல்லை. அந்த ஆண்டு 1,200 கோடி டாலர் வரை விவசாய நிவாரணம் அறிவித்தார்கள். அதுவும் மக்கள் வரிப்பணம்தான்.

கேள்வி: புதிய வரி வரப்போவதாகச் செய்தி. இப்போதே வாங்கிவிடட்டுமா?

பதில்: தேவை இருந்தால் வாங்குங்கள்; பயந்து வாங்காதீர்கள். வரிக்கு முன் இறக்கிய சரக்கா என்று கேளுங்கள். முன்பணம் கட்டினால், ஒப்படைக்கும் நாளில் விலை மாறாது என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். உதிரி பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வருகின்றனவா என்பதையும் விசாரியுங்கள். பழுதுபார்க்கும் செலவில் அந்த வரி திரும்ப வரும்.