அன்ரி வீட்டில் பிள்ளைக்கு அடி விழுகிறதோ என்று சந்தேகம் வந்தால்

தங்கச்சி, மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்கிறேன். கனடாவுக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. ஸ்காபரோவில் நீங்கள் இருக்கும் அதே கட்டடத்தில் ஒரு தமிழ் அன்ரி வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் பார்க்கிறா. இரண்டரை வயது மகளை அங்கே விட்டுவிட்டு நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறீர்கள். நேற்றிரவு குளிக்க வார்க்கும்போது பிள்ளையின் மேல்கையில் விரல் பதிந்த மாதிரிக் கண்டல். "அன்ரி அடி" என்று அவள் சொல்கிறாள். கணவர் "பிரச்சினை வேண்டாம், பேசாமல் இடத்தை மாற்றுவோம்" என்கிறார். அன்ரியிடம் நேரே கேட்கலாமா, பொலிசுக்குச் சொன்னால் எங்கள் பிள்ளையையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்களா, பிள்ளை கோர்ட்டில் நிற்க வேண்டுமா, பி.ஆர்., அதாவது நிரந்தர வதிவிட உரிமை, பாதிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பி.ஆர். பாதிக்காது. முறைப்பாடு செய்ததற்காக இங்கே யாருடைய விசாவையும் தொடமாட்டார்கள். இந்தப் பயத்தை முதலில் கழற்றி வையுங்கள்.

நான் லைசென்ஸ் உள்ள ஒரு டே கெயாரில் நீண்ட காலமாக வேலை செய்கிறேன். எங்களைப் போன்றவர்கள் சந்தேகத்தை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் 5,000 டொலர் வரை தண்டம். அதனால் இந்த நடைமுறை கொஞ்சம் தெரியும். ஆனால் சொல்லும் கடமை எங்களுக்கு மட்டும் இல்லை. ஒன்ராறியோவின் 2017 ஆம் ஆண்டுச் சிறுவர், இளையோர், குடும்பச் சேவைகள் சட்டத்தின் 125 ஆம் பிரிவு எல்லாரையும் கட்டுப்படுத்துகிறது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத் தீங்கு நடக்கிறது என்று சந்தேகிக்க நியாயம் இருந்தால், சிறுவர் பாதுகாப்புச் சங்கத்துக்கு, அதாவது சி.ஏ.எஸ்.சுக்கு, நாங்களே நேரே சொல்ல வேண்டும். டொக்டர் சொல்லுவார், அக்கா சொல்லுவா என்று விட முடியாது. சட்டம் கேட்பது சந்தேகம் மட்டும்தான். ஆதாரம் தேடுவது அவர்களின் வேலை. எங்கள் ஆட்கள் பிழைவிடுவது இதிலேதான்: ஆதாரத்தைத் தாங்களே சேர்த்துக்கொண்டு போகப் பார்ப்பார்கள், அதில் வழக்கே கெட்டுவிடும்.

எப்படிக் கெடும் என்று விளங்க, கனடாவில் நடந்த இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன்.

சஸ்காற்சுவானில், சஸ்கற்றூனுக்குப் பக்கத்தில் மார்ட்டன்ஸ்வில் என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஒரு குடும்பம் வீட்டில் வைத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் டயப்பர் பகுதியில் சிவந்திருந்ததைப் பார்த்துச் சந்தேகம். அவர் முறைப்பாடு செய்ததில் எந்தப் பிழையும் இல்லை. அதற்குப் பிறகுதான் எல்லாம் பிழைத்தது. விசாரித்தவர்கள் சின்னப் பிள்ளைகளிடம் பதிலைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். எதிர்பார்த்த பதில் வந்தால் பாராட்டினார்கள். கதை சாத்தான் வழிபாடு வரைக்கும் போனது. 1992 இல் பொலிஸ்காரர்கள் உட்படப் பலர் மீது நூற்றுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள். அநேகமானவை நிற்கவில்லை. வீட்டை நடத்திய கணவன் மனைவி 1994 இல் விடுதலையானார்கள். பத்து வருடம் கழித்து மாகாண அரசு அவர்களுக்கு இழப்பீடும் கொடுத்தது. அந்த வீட்டில் உண்மையிலே என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்று அந்தக் கேள்விகளுக்குப் பிறகு யாராலும் சரியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை.

மற்றது ஒன்ராறியோ வழக்கு. மூன்றரை வயதுப் பிள்ளை, டொக்டரின் அறையிலிருந்து வந்து கொஞ்ச நேரத்தில், உள்ளே டொக்டர் தனக்குச் செய்ததைத் தன் சொந்தச் சொல்லில் தாயிடம் சொன்னாள். தாய் பதிலை வாயில் திணிக்கவில்லை. டொக்டர் என்ன கதைத்தார் என்பது போல் சாதாரணமாகத்தான் கேட்டார். உடுப்பில் இருந்த அடையாளமும் பிள்ளை சொன்னதோடு பொருந்தியது. பிள்ளை சொன்னதாகத் தாய் சொல்வதைச் சாட்சியமாக எடுக்கலாம் என்று 1990 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சின்னப் பிள்ளைகளின் வழக்குகளில் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைத்தான் முதலில் எடுப்பார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். பிள்ளை "அன்ரி அடி" என்று சொன்னது தானாகவா, நீங்கள் "அன்ரியா அடிச்சவ?" என்று கேட்ட பிறகா? எதுவாக இருந்தாலும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதிவையுங்கள். நீங்கள் கேட்ட சொல்லும், அவள் சொன்ன சொல்லும், நேரமும், அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதும். திருத்த வேண்டாம், அழகாக்க வேண்டாம். உங்கள் கேள்விதான் முதலில் வந்தது என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். மறைத்துப் பிறகு வெளியே வந்தால்தான் பாதிப்பு. அதோடு நிறுத்துங்கள். இனி நீங்களோ கணவரோ ஊரில் இருந்து ஃபோனில் அம்மம்மாவோ அவளிடம் இதைப் பற்றிக் கேட்கக் கூடாது. தானாகச் சொன்னால் கேளுங்கள், கட்டிப்பிடியுங்கள், "சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள், அவ்வளவு போதும். வீடியோ எடுத்துக்கொண்டு "இன்னொருக்கால் சொல்லு, எங்கே அடிச்சவ?" என்று கேட்பதை மட்டும் செய்யாதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதைவிட நல்ல பரிசு கிடையாது.

கண்டலைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்தால் அளவு தெரியும். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். இன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். குடும்ப டொக்டர் இல்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரொறொன்ரோவின் சிறுவர் ஆஸ்பத்திரியான சிக்கிட்ஸில் இப்படிப்பட்ட சந்தேகங்களைப் பார்க்கவே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது. நடக்கப் பழகிய பிள்ளைகளுக்கு முழங்காலிலும் முன்காலிலும் நெற்றியிலும் காயம் வருவது சாதாரணம். நெஞ்சு, வயிறு, முதுகு, காது, கழுத்து என்று வந்தால் டொக்டர்மார் உடனே கவனிப்பார்கள். மேல்கையில் விரல் மாதிரி என்றால் இறுக்கிப் பிடித்ததாகவும் இருக்கலாம். கண்டலின் நிறத்தைப் பார்த்து "இது மூன்று நாள் பழசு" என்று கணக்குச் சொல்லும் ஆட்கள் எங்களுக்குள் நிறைய உண்டு. நிறத்தை வைத்து நாளை நம்பிக்கையாகச் சொல்ல முடியாது.

அப்புறம் ஃபோன். பிள்ளைக்கு இப்பவே ஆபத்து என்றால் 911. இல்லாவிட்டால் சி.ஏ.எஸ். 24 மணித்தியாலமும் எடுப்பார்கள், தமிழில் பேச வேண்டும் என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். ரொறொன்ரோவில் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு வேறு சங்கம் இருப்பதால் சமயத்தையும் கேட்பார்கள், திடுக்கிட வேண்டாம். அவசரத்தைப் பொறுத்து 12 மணித்தியாலத்துக்குள், 48 மணித்தியாலத்துக்குள், அல்லது 7 நாளுக்குள் விசாரணை தொடங்கும். குற்றமாக இருக்கலாம் என்று பட்டால் பொலிசும் சேர்ந்துதான் வரும்.

உங்கள் வீட்டுக்கும் வருவார்கள். உங்களையும் கணவரையும் தனித்தனியே கேட்பார்கள், வீட்டில் அடிப்பீர்களா என்றும் கேட்பார்கள். கண்டல் எங்கே வந்தது என்று அவர்களுக்கு இன்னும் தெரியாது, அதனால்தான் கேட்கிறார்கள். வெளியாள் மீது சந்தேகம், தாய் தகப்பனே கூப்பிட்டிருக்கிறார்கள், பிள்ளையை அங்கே விடுவதையும் நிறுத்திவிட்டார்கள் என்றால், பிள்ளையை வீட்டிலிருந்து எடுக்க என்ன காரணம்? மாறாக, கண்டலைக் கண்டும் பேசாமல் அங்கேயே தொடர்ந்து விட்டிருந்தீர்கள் என்று பிறகு தெரிந்தால், அது உங்களுக்கு எதிராகப் போகும்.

பிள்ளையோடு கதைப்பதற்குப் பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். ரொறொன்ரோவில் பூஸ்ட் என்ற நிலையத்தில் பொலிசும் சி.ஏ.எஸ்.சும் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். விளையாட்டுச் சாமான் உள்ள அறை, கமெரா ஓடும், பிள்ளை பல இடங்களில் திரும்பத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. அந்த வீடியோவைக் குற்றவியல் சட்டத்தின் 715.1 பிரிவின்படி கோர்ட்டில் போடலாம். பிள்ளை சாட்சி சொல்ல வந்து, அதில் சொன்னது சரி என்று ஏற்க வேண்டும். சாட்சி சொல்லும்போது குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காமல் திரைக்குப் பின்னாலோ வேறு அறையிலிருந்து கமெராவிலோ சொல்லலாம், பக்கத்தில் துணைக்கு ஒரு ஆளும் இருக்கலாம். உண்மையைச் சொல்வதாக வாக்குக் கொடுத்தால் போதும், சத்தியம் செய்யத் தேவையில்லை. ஆனால் இரண்டரை வயதுப் பிள்ளையைச் சாட்சிக் கூட்டில் பார்ப்பது மிக அரிது. இப்படியான வழக்குகள் டொக்டரின் அறிக்கையிலும், அங்கே இருந்த கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் சொல்வதிலும், அன்ரி தானே சொல்லும் விளக்கங்களிலும்தான் நிற்கும்.

அதனால்தான் அன்ரியிடம் நீங்கள் முந்திப் போய்க் கேட்கக் கூடாது என்கிறேன். முதல் விளக்கத்தை அவ பொலிசுக்குச் சொல்லட்டும். நீங்கள் கேட்டால் "சோபாவிலிருந்து விழுந்தவள்" என்று ஒரு கதை தயாராகும், மற்றத் தாய்மாருக்கும் ஃபோன் போகும், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். இன்னொரு பக்கமும் இருக்கிறது. அவ செய்யாமலும் இருக்கலாம். வேறு பிள்ளை பிடித்து இழுத்திருக்கலாம். கட்டடம் முழுக்கப் பெயரைக் கெடுத்த பிறகு அதைத் திருப்பி எடுக்க உங்களால் முடியாது. திங்கட்கிழமை "மகளுக்குச் சுகமில்லை" என்று மட்டும் சொல்லி நிறுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

"செல்லமாக ஒரு தட்டு, அதுக்குப் போய் பொலிசா?" என்று கட்டாயம் யாராவது சொல்வார்கள். குற்றவியல் சட்டத்தின் 43 ஆம் பிரிவு திருத்துவதற்காக நியாயமான அளவு பலம் பாவிப்பதைத் தாய் தகப்பனுக்கும் ஆசிரியருக்கும் தகப்பன் தாய் நிலையில் இருப்பவருக்கும் அனுமதிக்கிறது என்பது உண்மை. ஆனால் 2004 இல் உச்ச நீதிமன்றம் அதை நன்றாக ஒடுக்கிவிட்டது: இரண்டு வயதுக்குக் கீழே கூடாது, தலையில் கூடாது, பெல்ட், அகப்பை மாதிரிப் பொருட்களால் கூடாது, கோபத்தில் கூடாது. காசுக்குப் பகலில் பிள்ளை பார்க்கும் ஒருவர் தகப்பன் தாய் நிலையில் இருப்பவர் என்று காட்டுவது லேசான காரியம் இல்லை.

குற்றம் சுமத்தினால் வழக்கு கிரவுனுடையது, அதாவது அரச வழக்குத்தொடுநருடையது, உங்களுடையது இல்லை. கோயிலில் பெரியவர்கள் வந்து "பாவம், அவவுக்கும் இன்னும் சிற்றிசன் இல்லை, வழக்கை வாபஸ் வாங்குங்கோ" என்றால், வாங்க உங்களிடம் ஒன்றும் இல்லை என்பதுதான் நேர்மையான பதில். மறுபக்கம், குற்றம் சுமத்தாமலும் விடலாம். சி.ஏ.எஸ். பார்ப்பது நடந்திருக்கவே கூடுதல் சாத்தியமா என்று. கோர்ட்டுக்கு நியாயமான சந்தேகம் ஒன்றும் மிஞ்சக் கூடாது. அதனால் சி.ஏ.எஸ். "நடந்தது" என்று முடிவெடுத்தும் பொலிஸ் வழக்குப் போடாத சம்பவங்கள் உண்டு. உங்களை நம்பவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

கணவர் சொல்லும் "பேசாமல் மாற்றுவோம்" எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்த வீட்டில் வேறு பிள்ளைகளும் இருக்கிறார்கள் இல்லையா? 2013 இல் ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில் வோன் நகரத்தில் லைசென்ஸ் இல்லாத ஒரு வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இறந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே பதிவாகியிருந்தார்கள், அதற்கு முன்பே கல்வி அமைச்சுக்கு முறைப்பாடுகளும் போயிருந்தன. அடுத்த வருடம் ஒம்புட்ஸ்மன், அதாவது அரச அலுவலகங்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் மாகாண அதிகாரி, அமைச்சைக் கிழித்து 113 பரிந்துரைகள் கொடுத்தார். இப்போதைய சட்டப்படி லைசென்ஸ் இல்லாத வீட்டில் 5 பிள்ளைகளுக்கு மேல் கூடாது, அதில் இரண்டு வயதுக்குக் கீழே 3 பேர்தான். லைசென்ஸ் இல்லை என்று எழுத்தில் தர வேண்டும். கேட்டால் ரசீது தர வேண்டும். பிள்ளையைப் பார்க்க நீங்கள் எப்போது வந்தாலும் மறிக்க முடியாது. அன்ரி வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று தெரிந்தால் அமைச்சுக்கும் தனியே சொல்லுங்கள், அவர்களுக்கு இதற்கென்றே ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். காசு கையில்தான் கொடுத்தீர்கள் என்றால் திகதிகளை இப்பவே குறித்துவையுங்கள்.

அடுத்த இடத்துக்கு லைசென்ஸ் உள்ள டே கெயாரையோ, லைசென்ஸ் உள்ள ஏஜென்சியின் கீழ் இயங்கும் வீட்டையோ பாருங்கள். அரச திட்டத்தில் சேர்ந்த இடங்களில் ஆறு வயதுக்குக் கீழே 2025 ஜனவரியிலிருந்து நாளுக்கு 22 டொலருக்கு மேல் அடிப்படைக் கட்டணம் வாங்க முடியாது. அன்ரிக்குக் கொடுப்பதைவிட மலிவாகவே முடியலாம். காத்திருப்புப் பட்டியல்தான் நீளம். ரொறொன்ரோ நகரசபையின் மானியத்துக்கும் இன்றைக்கே பதியுங்கள்.

முறைப்பாடு செய்தது யார் என்று சி.ஏ.எஸ். வழமையாகச் சொல்லாது. நல்லெண்ணத்தோடு, காரணத்தோடு சொன்னவர் மீது வழக்குப் போட்டு வெல்லவும் முடியாது. ஆனால் அன்ரி ஊகித்துவிடுவா, ஒரே கட்டடம் வேறு. அவவோ அவவின் கணவரோ வந்து கதவைத் தட்டினால் வாக்குவாதம் வேண்டாம். உங்களுக்குத் தந்த அதிகாரியின் நம்பருக்கு எடுத்து, இத்தனை மணிக்கு இவர் வந்தார் என்று சொல்லிவையுங்கள்.