மாட்டு அம்மைக்கு மூலிகை டானிக் வாங்கலாமா?

கேள்வி: எங்களிடம் 4 கறவை மாடுகளும் 2 கன்றுகளும் உள்ளன. பக்கத்து ஊரில் மாடுகளுக்குப் பெரியம்மை, அதாவது தோல் கழலை நோய் வந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒரு மூலிகை டானிக் விளம்பரம் பார்த்தேன். லிட்டர் 1,400 ரூபாய். ‘வைரஸை வேரோடு அழிக்கும், தடுப்பூசியே வேண்டாம்’ என்கிறார்கள். குணமான மாடுகளின் வீடியோவும் போட்டிருக்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: வாங்காதீர்கள்.

முதலில் அந்த வீடியோ விஷயம். பெரியம்மை வந்த மாடுகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் தாமாகவே தேறிவிடும். இறப்பு பொதுவாக நூற்றுக்கு ஐந்துக்குள்தான். கன்றுகளுக்குத்தான் ஆபத்து அதிகம். ஆகவே வெறும் வெல்லத் தண்ணீரைக் கொடுத்துவிட்டும் இப்படி நிறைய வீடியோ எடுக்கலாம். செத்த மாட்டை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

அடுத்து, ஆண்ட்ரோகிராபோலைடு, குர்குமின், அல்லிசின் என்று பெயர்களை அடுக்கியிருப்பார்கள். நிலவேம்பிலும் மஞ்சளிலும் பூண்டிலும் உள்ள சத்துகள்தான் இவை. ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் சில வைரஸ்கள் பெருகுவதை இவை குறைத்ததாக ஆய்வுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முந்நூறு, நானூறு கிலோ மாட்டின் உடம்புக்குள் அதே வேலை நடக்குமா என்பது தனிக் கேள்வி. குர்குமின் குடலில் உறிஞ்சப்படுவதே மிகக் குறைவு. அல்லிசின் பூண்டை நசுக்கியதும் உண்டாகி, சீக்கிரமே சிதைந்துபோகிற சரக்கு. மாதக்கணக்கில் பாட்டிலில் கிடந்த டானிக்கில் அது எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று விற்பவரிடமே கேட்டுப் பாருங்களேன்.

மூலிகையே வீண் என்று சொல்லவில்லை. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த புண்ணியமூர்த்தி வகுத்துத் தந்த மரபுவழி முறைகளைத் தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமே பரப்புகிறது. பெரியம்மைக்கு அதில் ஒரு எளிய முறை உண்டு. வெற்றிலை 10, மிளகு 10 கிராம், உப்பு 10 கிராம் மூன்றையும் அரைத்து, வெல்லம் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாக நாக்கில் தடவிக் கொடுப்பது. இது ஒரு வேளைக்கான அளவு. முதல் நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, மறுநாள் முதல் தினம் மூன்று வேளை. புண்ணுக்குக் குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை, பூண்டு, மஞ்சள் எல்லாம் அரைத்து, தேங்காய் எண்ணெயில் காய்ச்சி ஆறவைத்துப் பூசுவார்கள். எல்லாம் வீட்டிலும் வேலியோரத்திலும் கிடைப்பவை. 1,400 ரூபாய் எங்கே வருகிறது? மாடு தீனி எடுக்கவும் புண் ஆறவும் உதவும் பராமரிப்பு இது. டாக்டரின் சிகிச்சையோடு சேர்த்துச் செய்யுங்கள்.

உங்கள் மாடுகளுக்கு இன்னும் நோய் வரவில்லை. எனவே இன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குப் போய்த் தடுப்பூசி கேளுங்கள். ஆட்டம்மைத் தடுப்பூசியை மாட்டுக்கும் போடுகிறார்கள். இரண்டு வைரஸும் நெருங்கிய உறவு. எதிர்ப்புச் சக்தி முழுதாக வர மூன்று வாரம் போல ஆகும், தள்ளிப்போடாதீர்கள். அதுவரை சந்தையில் மாடு வாங்க வேண்டாம். ஈ, கொசு, உண்ணி வழியாகத்தான் இது பெரும்பாலும் பரவுகிறது என்பதால் கொட்டகையில் சாயங்காலம் வேப்பிலைப் புகை போடுங்கள். மாட்டுக்குக் காய்ச்சலோ கழலையோ கண்டால் கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்கு அழையுங்கள்.

கேள்வி: இப்படி ஒரு டானிக்கை நான் ஏற்கெனவே வாங்கி ஏமாந்துவிட்டேன். மாடு வளர்ப்பது தொழில்தானே, நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்கிறார் விற்றவர்.
– வாசகர், ஈரோடு

பதில்: அவர் சொல்வது தவறு. சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்கியவரும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். முதலில் லேபிளைப் பாருங்கள். சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் உற்பத்தி உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, சேர்மானங்கள் இருக்க வேண்டும். பல பாட்டில்களில் ‘தீவனச் சேர்மானம், மருந்தாகப் பயன்படுத்த அல்ல’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். லேபிளில் தீவனம், விளம்பரத்தில் மருந்து! அந்த முரண்பாடுதான் உங்கள் கைச்சரக்கு. விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பாட்டிலையும் பில்லையும் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வாங்கி இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

கேள்வி: நாட்டுக்கோழிக்குச் சின்ன வெங்காயமும் கீழாநெல்லியும் கொடுத்தால் வெள்ளைக்கழிச்சல் வராதா?

பதில்: வரும். கொடுப்பதில் கெடுதல் இல்லை, ஆனால் ஊசியை விடாதீர்கள். குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி. கடையில் வாங்குவதானால் ஒரு குப்பியே நூறு கோழிக்குப் போல இருக்கும், கலக்கிய பிறகு வைத்திருக்கவும் முடியாது. அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு ஒரே நாளில் போட்டுவிடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர மறக்காதீர்கள்.