குட்டை ரைபிளுக்கு எந்தத் தோட்டா? வாசகர் கேள்விகள் ஐந்து

குட்டைத் துப்பாக்கிகளைப் பற்றிப் போன மாதம் நான் எழுதிய நாலு வரிக்கு இத்தனை கேள்வி வரும் என்று நினைக்கவே இல்லை. மலேசிய ராணுவ ஆயுதக்கிடங்கில் 21 வருடம் இருந்தவன் நான். சுட்டதைவிடத் துடைத்ததுதான் அதிகம், அதனால் பதில்களில் எண்ணெய் வாசம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பீடோரிலிருந்து ஒரு தம்பி: "அண்ணே, கேம்ல .300 பிளாக்அவுட் எடுத்தா சத்தமே இல்லாம அடிக்குது. நிஜத்துல அவசரத்துக்கு ஒரு குட்டை ரைபிள்னா 5.56-ஆ, .300-ஆ?"

தோட்டாவை விடு தம்பி, குழல் எத்தனை அங்குலம் என்று முதலில் சொல். 5.56 மில்லிமீட்டர் தோட்டா பிழைப்பதே வேகத்தை வைத்துத்தான். எம்16 ராணுவ ரைபிளின் 20 அங்குலக் குழலில் மூன்றரை கிராம் சொச்சம் எடையுள்ள குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 990 மீட்டர் வேகத்தில் வெளியேறும். அதே தோட்டாவைப் பத்து அங்குலக் குழலில் போட்டுச் சுட்டால் வெடிமருந்து முழுதாக எரிவதற்குள் குண்டு வெளியே போய்விடும், மிச்ச மருந்து குழல் வாயில் நெருப்புப் பந்தாக எரியும், வேகம் 800-ஐ ஒட்டி இறங்கிவிடும். வேகம் குறைந்த சின்னக் குண்டு உள்ளே போய் உடையாமல் ஊசி குத்தின மாதிரி மறுபக்கம் போகும். சத்தம் மட்டும் குறையாது, இன்னும் மோசமாகக் காதைப் பிளக்கும்.

.300 பிளாக்அவுட் இந்தக் குறைக்காகவே வந்தது. 5.56 தோட்டாவின் கூட்டைக் குட்டையாக வெட்டி, அதில் 7.62 மில்லிமீட்டர் குண்டைச் சொருகின மாதிரி வைத்துக்கொள். 2011-இல் அமெரிக்காவில் அதற்குத் தர அங்கீகாரம் கிடைத்தது. மருந்து சீக்கிரம் எரிகிற வகை, ஒன்பது அங்குலத்திலேயே வேலை முடிந்துவிடும், அதனால் குழலைக் குறைத்தாலும் பெரிதாக இழப்பில்லை. 5.56 ரைபிளில் குழலை மட்டும் மாற்றினால் போதும், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்ட், தோட்டா அடுக்குகிற மேகசின் எல்லாம் பழையதே.

சரி, சத்தம் இல்லாத கதை. அது வேறு வகைத் தோட்டா, 13, 14 கிராம் குண்டு ஒலியின் வேகத்துக்குக் கீழே, வினாடிக்கு 310 மீட்டர் போலப் போகும். சத்தம் குறைப்பான் மாட்டினால்தான் அதற்கு அர்த்தமே, மாட்டினாலும் போல்ட் அடிக்கிற சத்தம் இருக்கும். 50 மீட்டருக்குக் குறி சரிசெய்துவிட்டு 200 மீட்டரில் சுட்டுப் பார், குண்டு ஒன்றரை மீட்டர் போலக் கீழே விழும். கேமில் அதெல்லாம் காட்டமாட்டான்.

என்னைக் கேட்டால், குழல் பத்து அங்குலத்துக்குள், தூரமும் நூறு மீட்டருக்குள் என்றால் .300. மற்ற எதற்கும் 5.56-தான், ஏனென்றால் அவசரத்தில் எந்தத் தோட்டா நல்லது என்று யாரும் யோசிப்பதில்லை, எது கிடைக்கும் என்றுதான் தேடுவார்கள். அமெரிக்க விமானப்படை விமானியின் இருக்கைக்கு அடியில் பிரித்து வைக்கிற ஜி.ஏ.யு-5ஏ ரைபிளைப் பார், 5.56, பன்னிரண்டரை அங்குலக் குழல், கூடவே முப்பது தோட்டா மேகசின் நாலு. விழுந்த இடத்துக்குத் தேடி வருகிறவன் கையிலும் அதே தோட்டாதானே இருக்கும். நம் ராணுவத்தில் நான் துடைத்த எம்16, ஸ்டெயர் எல்லாமே 5.56.

ரவாங்கிலிருந்து ஓர் அக்கா: "டெக்சாஸில் இருக்கும் என் தம்பி இரண்டு ரைபிளும் வைத்திருக்கிறான். ஒரே மேகசின் என்பதால் கலந்து வைத்துக்கொள்ளலாமாம். சரியா?"

சரியே இல்லை அக்கா, இன்றைக்கே போன் பண்ணிச் சொல்லுங்கள். .300 தோட்டா 5.56 துப்பாக்கிக்குள் போய்விட வாய்ப்பு உண்டு. போல்ட் அழுத்துகிற அழுத்தத்தில் குண்டு கூட்டுக்குள் பின்னால் தள்ளப்பட்டு, கதவு மூடிக்கொள்ளும். விசையை இழுத்தால் 7.62 மில்லிமீட்டர் குண்டு ஐந்தரை மில்லிமீட்டர் துளைக்குள் போக முடியாமல் அடைத்துக்கொண்டு துப்பாக்கியே வெடிக்கும், முகத்துக்குப் பக்கத்தில். மேகசின்களுக்கு இரண்டு நிறம், இரண்டு பெட்டி, மேசைமேல் ஒரு நேரத்தில் ஒரே வகைத் தோட்டா. மேலே பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன் என்பான், அதை நம்பாதீர்கள், இருட்டில் யார் படிக்கப் போகிறார்கள்.

பகான் டத்தோ, படகுக்காரர்: "ஆபத்து நேரத்துக்கு .22 ரைபிளா, .22 ஹார்னட்டா?"

பெயர்தான் ஒன்று, ஆள் வேறு. சாதாரண .22 குண்டு வினாடிக்கு 350 மீட்டரை ஒட்டிப் போகும், ஹார்னட் 800-ஐ ஒட்டி. அமெரிக்க விமானிகளின் பழைய உயிர்காப்பு ரைபிள்களில் ஹார்னட்தான், எம்6 என்ற மாடலில் மேலே ஹார்னட் குழலும் கீழே .410 சிதறுகுண்டுக் குழலும் இருக்கும். 1959-இல் வந்த ஏ.ஆர்-7 சாதாரண .22 ஆயிற்று, குழலையும் மற்றதையும் கழற்றிப் பின்கட்டைக்குள் அடைத்துவிடலாம், தண்ணீரிலும் மிதக்கும். பை கனக்கக் கூடாது என்றால் .22, எடை பாதிதான், ஆனால் விளிம்பில் மருந்து வைத்த தோட்டா என்பதால் எப்போதாவது ஒன்று வெடிக்காமல் காலை வாரும். உங்களுக்கு இரண்டும் வேண்டாம் அண்ணே. லைப் ஜாக்கெட், விசில், ஆபத்துச் சைகைக்கு ஒளிக்குழல், இது போதும். லைசென்ஸ் இல்லாமல் படகில் துப்பாக்கி வைத்துப் பிடிபட்டால் என்ன ஆகும் என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

பாகாவ், செம்பனை போட்டிருக்கும் ஒருவர்: "காட்டுப்பன்றித் தொல்லை. எந்த ரைபிளுக்கு லைசென்ஸ் கேட்கலாம்?"

ரைபிளை மறந்துவிடுங்கள். பயிர்க் காவலுக்கு நம் ஊரில் தோட்டக்காரர் கையில் பார்ப்பது 12 போர் (bore) குழல் அளவுள்ள சிதறுகுண்டுத் துப்பாக்கிதான், அதற்கும் 1960 ஆயுதச் சட்டப்படி போலீஸ் லைசென்ஸ் வேண்டும், பன்றியைச் சுட வனவிலங்குத் துறை அனுமதி தனி. அதில் நியாயமும் இருக்கிறது. தவறிப்போன 5.56 குண்டு சில கிலோமீட்டர் போகும், பன்றிக்குப் பின்னால் இரண்டு வரிசை தள்ளிக் குலை வெட்டுகிற பெரியவர் இருப்பார், தொழிலாளர் குடியிருக்கும் லயம் இருக்கும், தமிழ்ப்பள்ளி இருக்கும். சிதறுகுண்டு சில நூறு மீட்டரில் அடங்கிவிடும்.

குழாயை வைத்து யாரோ செய்துகொடுத்த துப்பாக்கி பக்கம் மட்டும் போகாதீர்கள். துப்பாக்கிக் குற்றத்துக்குத் தண்டனையைக் கூட்டின 1971 சட்டத்தில் அனுமதியில்லாத துப்பாக்கிக்குப் பதினான்கு வருடம் வரை சிறை, ஆறுக்குக் குறையாத ரோத்தான் பிரம்படி. பன்றி தின்ற கன்றைத் திரும்ப நட்டுக்கொள்ளலாம்.

சுங்கை சிப்புட், ஓய்வுபெற்ற ஆசிரியர்: "அவசரகாலத்தில் என் தகப்பனார் துரைக்கு டிரைவர். காரில் எப்போதும் ஒரு குட்டைத் துப்பாக்கி இருக்குமாம். .303-ஆ, கார்பைனா? அவர் கையில் பிடித்தபடி ஒரு படம் இருக்கிறது."

ஐயா, இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் சீக்கிரம் முடித்தேன். 1948 ஜூன் 16-இல் உங்கள் ஊர்த் தோட்டங்களில்தானே கம்யூனிஸ்டுகள் மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைகளைச் சுட்டார்கள், அதோடு தொடங்கின அவசரகாலம் 1960-இல் முடியும்வரை ஆயுதம் இல்லாமல் எந்தத் துரை காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனார்?

அப்போது இரண்டு குட்டைத் துப்பாக்கி புழங்கியது. ஒன்று .303 நம்பர் 5, காட்டுக்கென்று 1944-இல் வெட்டிச் சுருக்கின லீ-என்பீல்டு என்ற பிரிட்டிஷ் ராணுவ ரைபிள், 3.2 கிலோ, பத்துத் தோட்டா, ஒவ்வொரு முறையும் போல்ட்டை இழுக்க வேண்டும். சக்தி முழு .303, எடைதான் குறைவு, அதனால் உதை தோளைப் பெயர்க்கும், பின்னால் வைத்த ரப்பர் கட்டை சின்னதாக இருந்து அதை இன்னும் மோசமாக்கியது. குறி தானாக மாறுகிறது என்ற புகார் வேறு, 1947-இலேயே தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். இன்னொன்று அமெரிக்காவின் எம்1 கார்பைன், 2.4 கிலோ, பதினைந்து தோட்டா, விசையை இழுக்க இழுக்கச் சுடும். குண்டின் சக்தி .303-இல் பாதிகூட இல்லை. ஆனால் ரப்பர் மரத்துக்கு நடுவே, வளைவில் கார் நிற்கும்போது, முப்பது மீட்டரில் யாருக்கு .303-இன் சக்தி வேண்டும்? சட்டென்று எடுக்கணும், அடுத்தடுத்துச் சுடணும். நூறு .303 தோட்டா இரண்டரை கிலோ, கார்பைன் தோட்டா அதில் பாதி.

துடைக்கிறவன் பார்வையில் இன்னொன்று. அந்தக் காலத்து .303 தோட்டாவின் பொறிமருந்து உப்பு விடும், சுட்ட அன்றே குழலில் வெந்நீர் ஊற்றிக் கழுவாவிட்டால் நம் ஊர் ஈரத்துக்கு இரண்டே நாளில் துரு. கார்பைன் தோட்டாவுக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதனால் காரிலேயே கிடந்த துப்பாக்கி என்றால் என் யூகம் கார்பைன்.

படத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். குழல் நுனியில் புனல் மாதிரி விரிந்த மூக்கு இருந்தால் நம்பர் 5. மூக்கு இல்லாமல், விசைக்குச் சற்று முன்னால் நேரான மெல்லிய மேகசின் தொங்கினால் கார்பைன். அப்பாவின் கை மறைக்கிற இடம் அதுவாக இருந்தால், பின்கட்டையைப் பாருங்கள், தோள்வாரை மாட்டின இடத்தில் நீள்வட்ட ஓட்டையும் அதில் சின்ன எண்ணெய்க் குப்பியும் தெரிந்தால் கார்பைனேதான்.